மார்லன் டிக்ஸின் இடது கால்

எனக்கு அறுபத்து மூன்று வயது. டொலிடோவின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆள் பார்த்துக் கொடுக்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது. ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வாரா வாரம் ஏதாவது ஒரு கல்லூரி ஊருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மழையில் நின்று பையன்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் விற்கிற ஆறிப்போன சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு அறைக்கு வந்து அறிக்கை எழுத வேண்டும். ஏப்ரலில் டிராஃப்ட் வரும். லீக்கில் இருக்கிற அணிகளெல்லாம் சுற்றுச் சுற்றாக, வரிசையாக முறை வைத்து, கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொள்கிற நாள் அது. அன்றைக்கு என் அறிக்கையை ஒரு ஜீவனும் திறந்து பார்க்காது.

மிகைப்படுத்தவில்லை ஐயா. இதுவரை பதினான்கு தடவை, "இவனை எடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பதினான்கு தடவையும் வேறு எவனையோ எடுத்தார்கள். என் பேச்சு எல்லாம் தப்பாமல் பலித்தது என்றும் சொல்ல மாட்டேன். நான் கொண்டாடிய பையன்களில் நாலு பேர் இன்றைக்கு டேட்டனில் கார் இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள். ஆனால் மற்ற பத்துப் பேர் அடுத்தவன் ஊரில் கோப்பை தூக்கினார்கள். அதைச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

ஜூனில் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் ஒரே ஒரு தடவை, என் பேச்சைக் கேட்டு இவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். இந்த வயதில் எனக்கு மிச்சம் இருந்த ஆசை அவ்வளவுதான். "உனக்கு வேற வேண்டுதலே இல்லையா லென்?" என்று என் மனைவி ஜோனி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ஆசைக்கு இந்த வருஷம் ஒரு பெயரும் இருந்தது. லெமுவல் ப்ரூயிட். அலபாமாக்காரன், நூற்றைம்பது கிலோ, பேசினால் காதை அவன் வாயருகே கொண்டுபோக வேண்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கிற வேலை அவனுக்கு. எங்கள் குவார்ட்டர்பேக் பாவம், பந்தை எறிவதற்குள் போன வருஷம் மட்டும் அறுபத்தொரு தடவை மண்ணைக் கவ்வினான். இந்த டிராஃப்டில் எங்கள் முறை ஒன்பதாவது. அதுவரைக்கும் லெமுவலை யாரும் தொட மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு வருஷம் அவன் பின்னாலேயே அலைந்திருக்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எல்லோரும் ஒன்பது மணிக்கு வர வேண்டும் என்று மேனேஜர் பிரெண்ட் சொல்லி அனுப்பினான். வயது முப்பத்தெட்டு. கெட்டவன் இல்லை, அவசரக்காரன். டோனட் டப்பாவை மேஜை நடுவில் தள்ளிவிட்டு நின்றபடியே ஆரம்பித்தான்.

"மார்லன் டிக்ஸைக் கொடுக்க அவன் அணிக்காரங்க தயாரா இருக்காங்க."

அறையில் யாரோ விசிலடித்தார்கள். அடிக்காமல் என்ன செய்வார்கள்? லீக்கில் முதல் மூன்று குவார்ட்டர்பேக்கில் ஒருவன் மார்லன்.

"பதிலுக்கு இந்த வருஷம், அடுத்த வருஷம், அதுக்கும் அடுத்த வருஷம், நம்ம மூணு முதல் சுற்று முறையும் அவங்களுக்கு வேணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

என் பக்கத்தில் கஸ் டோனட்டைக் கீழே வைத்தான். அவனும் என்னைப் போல ஆள் பார்க்கிறவன், பதினெட்டு வருஷப் பழக்கம். "அப்ப மூணு வருஷத்துக்கு நமக்கு ஏப்ரல் மாசமே கிடையாது. பேசாம உன்னோட நானும் மீன் பிடிக்க வந்துடறேன் கிழவா," என்று என் காதில் முணுமுணுத்தான்.

"சத்தமாவே சொல்லுங்க கஸ்," என்றான் பிரெண்ட். "நான் ஒண்ணு கேக்கறேன். பதினோரு வருஷமா ஜனவரியில, கோப்பைக்கான கடைசிச் சுற்றுல, நாம ஒரு ஆட்டம் ஆடியிருக்கோமா? முறையை வச்சுக்கிட்டு என்ன கிழிச்சோம்? கடைசியா முதல் சுற்றுல எடுத்த எட்டுப் பேர்ல அஞ்சு பேர் இப்ப லீக்லயே இல்லை. டிராஃப்ட்ல எடுக்கறவன் ஆடுவானோ மாட்டானோ, யாருக்குத் தெரியும்? இவன் ஆடுவான். கண்ணால பாத்திருக்கோம். ஜனங்க வெறுத்துப் போயிருக்காங்கப்பா. டிசம்பர்ல பாதி அரங்கம் காலி."

அவன் சொன்னதில் பாதி உண்மை. எனக்கே அலுத்துப்போன உண்மை. அந்தப் பனியில் காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நானும் நின்றவன்தானே.

"லென், நீங்க என்ன சொல்றீங்க?"

எழுந்து நின்றேன். முழங்கால் சத்தம் போட்டது.

"வேண்டாம் தம்பி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவனுக்கு முழங்கால்ல அடிபட்டுது இல்லையா? அதுக்கப்புறம் அவன் எறிஞ்ச நானூத்திப் பன்னெண்டு பந்தையும் வரிசையா உக்காந்து பாத்துட்டேன். டிவில காகித டேப் ஒட்டி அளந்தேன். எறியறப்ப இடது காலை முன்ன எட்டி வைக்கணும். முன்னாடி வச்ச இடத்துக்கு நாலு அங்குலம் குறைச்சலா வைக்கறான். கால் பயப்படுது. கிட்டத்துல எறியற வரைக்கும் தெரியாது, நம்பர் எல்லாம் அழகா இருக்கும். தூரத்துக்கு எறிஞ்சா பந்து ஆள் தலைக்கு மேல போகுது. இங்க அவனை அறுபது தடவை தள்ளினா அந்தக் கால் இன்னும் பின்னுக்குத்தான் போகும். முதல்ல சுவர் கட்டுங்க. லெமுவலை எடுங்க."

கோச் தாடையைத் தடவினார். கஸ் என் முதுகில் மெல்லத் தட்டினான். அட, கேட்டுவிடுவார்கள் போலிருக்கிறதே என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், கண்கூடக் கலங்கியது.

பிரெண்ட் ஒரு ஃபைலைத் திறந்து ஓரம் மங்கிய காகிதம் ஒன்றை எடுத்தான்.

"இதைப் படிக்கறேன், கேளுங்க. 'மார்லன் டிக்ஸ். இருபது வருஷத்துக்கு ஒருத்தன்தான் இப்படி வருவான். மூணு வருஷத்து முதல் சுற்றைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுங்க. கொடுக்கலைன்னா காலம் பூரா அழுவீங்க.' ஒன்பது வருஷத்துக்கு முன்னால எழுதினது. கீழ கையெழுத்து யாருதுன்னு சொல்லட்டுமா?"

சொல்லத் தேவையில்லை. அந்தக் கோணல் எழுத்து என்னுடையதுதான். பதினான்கு தடவையில் அதுவும் ஒன்று. அன்றைக்கு இருந்த மேனேஜர் அதைக் காபி டம்ளருக்கு அடியில் வைத்தார். மார்லன் வேறு ஊருக்குப் போய் இரண்டு கோப்பை தூக்கினான்.

"அவன் அப்ப இருபத்திரண்டு வயசுப் பையன்," என்றேன். "இப்ப முப்பத்தொண்ணு."

"நீங்க சொன்னது அச்சா பலிச்சுதே லென்! இந்த அறையில அவனைச் சரியா கணிச்சது நீங்க ஒருத்தர்தான். உங்க கண்ணை நம்பித்தான் இதைச் செய்யறேன்."

"நம்பறதா இருந்தா இந்த வருஷத்துக் கண்ணை நம்பு."

"நாலு அங்குலம்," என்றான் பிரெண்ட். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்கு அது சின்னதாகத்தான் பட்டது. "ஓட்டு எடுத்துடலாமா?"

ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். தூக்காதவர்கள் நானும் கஸும். நான் அதற்கு மேல் சண்டை போடவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருப்பேன். இப்போது வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. போகிற வழியில், டிராஃப்டில் எடுக்க நினைத்தவர்களின் பலகையிலிருந்து லெமுவலின் பெயர் அட்டையை நானே கழற்றி டப்பாவில் போட்டேன்.

அடுத்த வாரம் மார்லன் வந்தான். அரங்க வாசலில் மேடை, பத்திரிகைக்காரர்கள், எட்டாயிரம் ஜனம். வேலை நாளில், குளிரில், சின்னக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து எதிரில் நின்றார்கள்.

"நீங்கதான் லென்னா?"

மார்லன்தான். கிட்டத்தில் பார்த்தால் காதோரம் நரைத்திருந்தது. எழுந்திருக்கப் போனேன், தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"அந்தக் காகிதத்தை எனக்குக் காட்டினாங்க பெரியவரே. அந்த வயசுல என்னைப் பத்தி யாரும் அப்படி எழுதலை. எங்கம்மாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். அழுதுட்டாங்க."

"உண்மையைத்தான் எழுதினேன்."

அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தான். "இந்த வருஷம் என்ன எழுதினீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"வேண்டாம்னு எழுதினேன்பா."

அவன் முகம் மாறவில்லை. தன் இடது காலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். புது ஷூ, பளபளவென்று இருந்தது.

"எவ்வளவு?" என்றான்.

"நாலு அங்குலம்."

"மூணுன்னு நெனச்சிட்டிருந்தேன்." பெருமூச்சு விட்டான். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். அதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் தோளை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டுப் படியேறினான்.

மேடையில் பிரெண்ட் மைக்கைப் பிடித்தான். மங்கிய காகிதத்தை எடுத்து எட்டாயிரம் பேருக்கும் படித்துக் காட்டினான். கொடுக்கலைன்னா காலம் பூரா அழுவீங்க என்ற இடத்தில் ஜனம் சிரித்து ஆர்ப்பரித்தது. "இதை எழுதினவர் இங்கதான் இருக்கார். ஒன்பது வருஷம் லேட்டா இருந்தாலும், கடைசியா அவர் பேச்சைக் கேட்டுட்டோம். லென், மேல வாங்க!"

போனேன். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. மார்லனும் தட்டினான், உடம்பு பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டுக்கொண்டு. நான் கையை உயர்த்தி ஆட்டினேன்.