அந்த ஒரு பாட்டுக்கு மட்டும்

தொண்ணூறுகள் பொற்காலமாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விடிந்து பல் தேய்க்கும் முன்பே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். கூடவே ஒரு கேசட் படம், அதன் பல்லில் செருகிய பென்சில், அந்தக் காலத்துப் பாட்டு ஒன்று. உடனே நாற்பது பேர் கண்ணீர் வடிக்கும் பொம்மை போடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு லைன் வீட்டில் எட்டுப் பேர் படுத்து, ஒன்றரை ஷிப்ட் பார்த்து, கக்கூசுக்கு வாளியோடு வரிசையில் நின்றோமே, அதுவா பொற்காலம் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. நானும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு டீ வைக்கப் போய்விடுவேன்.

நல்லூரில் ஒரே பனியன் கம்பெனியில் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறில் வேலை பார்த்தவர்களின் குழு அது. ஆரம்பித்தவன் முனீஸ். அன்றைக்குக் கட்டிங் டேபிளில் துணி விரித்தவன், இன்றைக்குச் சொந்தமாகப் பத்து மிஷின் போட்டிருக்கிறான். நல்லவன்தான். ஆனால் பழைய பாட்டைக் கேட்டால் பச்சைப் பிள்ளை ஆகிவிடுவான்.

போன மாதம் அவன் ஒரு செய்தி போட்டான். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எல்லோரும் கூடுகிறோம், மதியச் சாப்பாடு உண்டு, முதலாளி ஈஸ்வரமூர்த்தி ஐயா வருகிறார், சாத்தூரிலிருந்து நம் ராமர் அண்ணன் வரச் சம்மதித்துவிட்டார். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு கம்பெனியில் நான் கோணலாகத் தைத்த பீஸ் அத்தனையையும் அன்று சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தேன். சூப்பர்வைசர் பையன், "ஏனுங்கக்கா, உடம்பு சரியில்லீங்களா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ராமர் அண்ணனிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தொன்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. இந்த முறை சொல்லாவிட்டால் இனி எந்த ஜென்மத்திலும் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஊரிலிருந்து வந்து எட்டு மாதம். காலண்டர் செக்‌ஷனில் ராமர் அண்ணனோடு வேலை. துணியை நீராவி காட்டி, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுருக்கம் எடுக்கிற மிஷின் அது. அண்ணன் முன்பக்கம் நின்று துணியை உள்ளே விடுவார். நான் பின்பக்கம் நின்று வெளியே வருகிற துணியை வாங்கி மடிப்பேன். நடுவில் மிஷின் ஆள் உயரம் நிற்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. துணி மடங்கினால், கிழிசல் வந்தால் அண்ணன், "ஏய்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். நான் சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்துவேன். அவர் பக்கத்திலும் ஒரு பட்டன் இருந்தது. அது கெட்டுப்போய் நாலு மாதம். தீபாவளி ஆர்டர் முடியட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஆகவே எங்கள் செக்‌ஷனில் டேப்ரிக்கார்டருக்கு அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்தார். பாட்டு எப்போதும் ஆள் சத்தத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். செட் என் பக்கத்து ஜன்னலில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவரே வந்து சத்தம் வைக்கிற திருகைச் சரிபார்த்துவிட்டுப் போவார். இவ்வளவுக்கும் பாட்டென்றால் அவருக்கு உயிர். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. செல்லத்தாய் மதினி ஊரில் இருந்தார். பாட்டில் பிரிவு வந்தால் அண்ணன் துணி விடுகிற வேகம் குறையும். அதை வைத்து நாங்கள் கேலி செய்வோம்.

அந்த வருடம் ஒரு பாட்டு வந்தது. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். புல்லாங்குழலில் ஆரம்பிக்கும், பிறகு ஒரு பெண்குரல் வார்த்தையில்லாமல் முனகும். அந்த முனகலில் எனக்கு ஊரும் மறக்கும், லைன் வீடும் மறக்கும், கால் வலியும் மறக்கும். பஸ் ஸ்டாப் கேசட் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ஒரு கேசட்டில் அந்தப் பாட்டை மட்டும் அடுத்தடுத்து இரண்டு தடவை பதிந்து வாங்கினேன். கடைக்காரர் சிரித்தார்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, மத்தியானம் மூன்று மணி இருக்கும். அந்தப் பாட்டு வந்தது. அண்ணன் திட்டுவார் என்று தெரியும். இருந்தாலும் இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் என்று திருகைக் கடைசிவரை திருப்பினேன். கூடவே பாடவும் செய்தேன். துணி வந்துகொண்டே இருந்தது. வாங்கி மடித்துக்கொண்டே பாடினேன். பாட்டு முடிந்து, இரண்டாவது தடவை புல்லாங்குழல் ஆரம்பித்தபோது, வந்த துணியில் ஈரமாக என்னவோ தெரிந்தது. சாயம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டோடு போனது. குடித்துவிட்டு வேலைக்கு வந்து கையை விட்டான் என்று ஒரு தாள் எழுதி முதலாளி எங்களிடம் கையெழுத்து வாங்கினார். எல்லோரும் போட்டோம். நானும் போட்டேன். அண்ணன் டீயைத் தவிர எதுவும் குடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் நேரே ஊருக்குப் போய்விட்டார். போலீஸ்காரர் விசாரித்தபோது, "சத்தம் எதுவும் கேக்கலைங்க" என்று சொன்னேன். அது பொய்யில்லை. உண்மையிலேயே எனக்குக் கேட்கவில்லை.

அதிலிருந்து அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டதில்லை. டவுன் பஸ்ஸில் போட்டால் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்துவிடுவேன். அண்ணன் கத்தியிருக்கவே மாட்டார், மயங்கியிருப்பார், கத்தியிருந்தாலும் மிஷின் சத்தத்தில்தான் கேட்டிருக்காது, செட் சத்தம் அவருக்குத் தெரிந்திருக்காது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலம் தள்ளினேன். முனீஸ் ஒருநாள் குழுவில் அதே பாட்டைப் போட்டு, 'அனுசுயா, காலண்டர் செக்‌ஷன் ஞாபகம் வருதா?' என்று கேட்டிருந்தான். அதற்கும் ஒரு இதயம் போட்டேன். அதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். தலைக்கு மை போட்டவர்கள், பல் கட்டியவர்கள், மூட்டு வலிக்குப் பட்டை கட்டியவர்கள். எல்லோரும் இருபது வயது ஆட்கள் மாதிரி ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மேடையில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். முனீஸ் கையில் மைக்.

ராமர் அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை. வலது கைத் துணியை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னைத் தெரியுதுங்களாண்ணே?"

"தெரியாம என்ன? அனுசுயா. பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சா மாறிப்போச்சு ஒனக்கு." சிரித்தார். "எத்தன பிள்ளைக?"

"ஒரு பொண்ணுங்கண்ணே. மதினி எப்படி இருக்காங்க?"

"இருக்கா. தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா. நானும் அங்கனதான், வாட்ச்மேன்."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். எண்பது வயதிருக்கும். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் விசாரித்து வந்தவர், அண்ணனிடம் வந்ததும் நின்றார். "நல்லாருக்கீங்களா சாமி?" என்றார். "இருக்கேங்க" என்றார் அண்ணன். முதலாளியின் கண் அந்த ஊக்கின் மேல் ஒரு நொடி நின்றது. "சாப்டுட்டுத்தான் போவோணும்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கை தட்டினேன். தட்டிய பிறகுதான் பக்கத்தில் இருப்பவரால் தட்ட முடியாது என்பது உறைத்தது.

சாப்பிட்டு முடிந்ததும் முனீஸ் மைக்கைப் பிடித்தான். "இப்ப ஒரு பாட்டு. இது நம்ம காலண்டர் செக்‌ஷனுக்காக. ராமர் அண்ணனுக்கும் அனுசுயாவுக்கும்."

புல்லாங்குழல் ஆரம்பித்தது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் அண்ணன் நாற்காலியில் இல்லை.

வெளியே செருப்பு விடுகிற இடத்தில் நின்றிருந்தார். இடது கையால் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். இதைவிட்டால் நேரமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, அன்னிக்கு செட்ட முழுசாத் திருப்பி வச்சது நாந்தாண்ணே. இந்தப் பாட்டுக்காக. அதுனாலதான் உங்க சத்தம் எனக்குக் கேக்கல."

இருபத்தொன்பது வருடம் பயந்தது இவ்வளவு சின்னதாக வெளியே வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

டிக்கெட்டை மறுபடி வெளியே எடுத்தார்.

"மூணு தடவ கத்துனேன். மொதத் தடவ விரல் மட்டுந்தான் மாட்டியிருந்துச்சு. அப்ப நீ நிறுத்தியிருந்தா விரலோட போயிருக்கும். நீ பாடிக்கிட்டு இருந்த. அவ்வளவு சத்தத்துலயும் நீ பாடுனது எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

அழுகை வந்தது. அழுவதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "முதலாளி அந்த பட்டன மாத்தியிருந்தா..." என்று இழுத்தேன்.

"அவரு மேல இருக்கற கோவம் வேற. கையெழுத்து போட்டீகளே, அதக்கூட நான் பெருசா எடுத்துக்கல. வயித்துப் பாடு. எல்லாருந்தான போட்டீக. ஆனா மொதலாளி என் சத்தம் கேக்குற தூரத்துல இல்ல. நீ இருந்த."

"ஏண்ணே யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லி? பதினெட்டு வயசுப் பிள்ள. ஒன்னையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாக. எனக்குக் கை வரப்போகுதா?" டிக்கெட்டைக் கடைசியாகப் பையில் வைத்தார். "முனீஸ் கூப்பிட்டப்ப வரமாட்டேன்னுதான் சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். வயசாகுது. அந்தப் பிள்ளையப் பாத்து, ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல தாயின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம்னு நெனச்சேன். அதச் சொல்றதுக்குத்தான் வந்தேன். இல்லைன்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

உள்ளே அந்தப் பெண்குரல் முனகிக்கொண்டிருந்தது. அறுபது பேரும் கூடவே முனகினார்கள்.

"இப்ப இந்தப் பாட்டப் போட்டாங்கள்ல," என்றார். "இருக்கு. அப்படியே இருக்கு. பொய் சொல்லக் கூடாதுல்ல."

செருப்பை மாட்டினார். ஒரு கையால் வாரை இழுத்துவிட அவருக்கு நேரமாயிற்று. குனிந்து மாட்டிவிடலாமா என்று நினைத்து, தொடுவதற்குப் பயந்து நின்றேன். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. வந்தது வந்தார், மறுபடி இதைக் கேட்காமலாவது போகட்டும் என்று நினைத்தேன். அவர் கேட்டைத் தாண்டவில்லை, உள்ளே யாரோ "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள். எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். மறுபடி புல்லாங்குழல்.

நான் உள்ளே ஓடினேன். அவர் தெருமுனை தாண்டுகிறவரையாவது நிறுத்திவிட வேண்டும். நாற்காலிகளுக்கு நடுவே எல்லோரும் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள், வழி விடவில்லை. மேடைக்குப் போக முடியாமல் நடுவிலேயே நின்று, "முனீஸ், நிறுத்துடா" என்று கத்தினேன். ஸ்பீக்கர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். மூன்றாவது தடவையும் கத்தினேன்.

முனீஸ் என்னைப் பார்த்துவிட்டான். இந்தப் பாட்டு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே கையை உயர்த்திக் காட்டிவிட்டு, எனக்காகச் சத்தத்தைக் கூட்டினான்.