அம்பலம் நேர்ந்துவிட்ட கால்

ஐயனார் கோவில் புளியமரத்தடியில் குவிந்து கிடந்த மண்கால்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதை ஊர்த்தலைவர் ரெங்கசாமி அம்பலம்தான் முதலில் கண்டுபிடித்தார். எதையும் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். மழை வராததற்கு யார் காரணம், யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டையிடுகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். நிரூபணம்தான் கொஞ்சம் பின்னால் வரும். சில சமயம் வராது.

அன்னவாசல் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஊருணித் தண்ணீர் குடித்தவன் காலில் நூல்போன்ற நரம்புச் சிலந்திப் புழு இறங்கவில்லை என்றால்தான் அதிசயம். புழு வெளியேறிப் புண் ஆறினால் ஐயனாருக்கு மண்கால் வைப்பதாக நேர்ந்துகொள்வார்கள். கோவிலில் பூசை செய்கிற ஆண்டிச்சாமி வேளாரேதான் மண்ணும் பிசைகிறவர். நோயாளியின் காலைக் கயிறு பிடித்து அளந்து, அதே அளவில் உள்கூடாகக் கால் செய்து சூளையில் சுட்டுக் கொடுப்பார். அளவு தப்பினால் நேர்த்தி செல்லாது. இது ஐயனார் போட்ட சட்டம், அல்லது வேளார் போட்ட சட்டம்.

காணாமல் போனவற்றில், முன்பு சிலந்தி ஆறியபோது அம்பலம் வைத்த காலும் ஒன்று. குவியலிலேயே பெரிய கால் அது. "மனுசன் கால் அளவுக்கு வச்சா அம்பலகாரனுக்கு என்னய்யா மரியாதை?" என்று வேளாரை அதட்டிச் செய்ய வைத்தது.

திருடன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பங்காளி வீட்டு அய்யாக்கண்ணு. ரங்கூன் அரிசி மில்லில் வேலை பார்த்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மில் சுவர் சரிந்து, இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. கப்பலேறி ஊர் வந்து சேர்ந்து, சக்கரம் வைத்த பலகையில் உருண்டுகொண்டிருந்தான்.

"கால் இருக்கறவன் எதுக்குய்யா காலைத் திருடப் போறான்?" என்று அம்பலம் கேட்டபோது ஊர் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டது.

போதாததற்கு, அய்யாக்கண்ணு கொட்டகைக்கு வெளியூர் ஆட்கள் வேறு வந்து போனார்கள். கந்தர்வக்கோட்டையிலிருந்து கம்பு ஊன்றி ஒருவன். இலுப்பூரிலிருந்து வண்டியில் ஒருத்தி. எல்லாரும் ஒற்றைக் காலோடு வந்தார்கள். அது பரவாயில்லை. திரும்பும்போது நடந்து போனார்கள். அம்பலத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. செய்வினையா? நொண்டிகளைச் சேர்த்துச் சமஸ்தானத்துக்கு எதிராகச் சங்கமா? இரண்டுமாகவே இருக்கலாம் என்று பட்டது.

புரவி எடுப்பு நெருங்கியது. மண்குதிரைகளைத் தூக்கிப் போகும் அந்த நாளில் முதல் பரிவட்டம் அம்பலத்துக்குத்தான். அந்தத் துணி தலையில் ஏறினால்தான் அவர் அம்பலம். ஏறாவிட்டால் ஊர்க்கூட்டத்தில் இன்னொரு வழுக்கை. அப்படிப்பட்டவர் கோவில் வாசலில் நின்று சபதம் செய்துவிட்டார்: "திருட்டை ரூபிக்காட்டி, இந்த வருசம் நான் பரிவட்டம் கட்டிக்க மாட்டேன்!"

வீட்டில் மனைவி பிரகதாம்பாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ரூபிச்சா கட்டிக்கிருவேன்னு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

மறுநாள் காலையில் ஊரைக் கூட்டிக்கொண்டு அம்பலம் கொட்டகைக்குப் போனார். உள்ளேயிருந்து அய்யாக்கண்ணு நிமிர்ந்து நடந்து வெளியே வந்தான். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. அம்பலம் அவனை மேலும் கீழும் பார்த்தார். ரங்கூனுக்குப் போகும்போது இவன் இவ்வளவு உயரம் இல்லையே!

"வாங்க சித்தப்பு. உக்காருங்க. நான் இனிமே நின்னுக்கிருவேன்."

கொட்டகைக்குள் மண்கால்கள் வரிசையாக இருந்தன. சிலவற்றின் மேல் ஈரத்தோலைச் சுற்றி நாடாவால் இறுக்கியிருந்தது. கால் வடிவிலேயே காய்ந்து விறைத்த தோல்களைக் கழற்றிக் கீழே வேப்பங்கட்டைப் பாதம் பொருத்தி வைத்திருந்தான். மூலையில் ராக்காயி ஒரு புதுக்காலை மாட்டி நாடா முடிந்துகொண்டிருந்தாள். கிணறு வெட்டும்போது பாறை சரிந்து ஒரு காலை இழந்தவள் அவள்.

"பார்த்தீங்களா! சாமி காலு அம்புட்டும் இங்கிட்டுத்தான் கெடக்கு!" என்று முழங்கினார் அம்பலம்.

"மொதல்ல கட்டையிலதான் செதுக்கிப் பார்த்தேன் சித்தப்பு," என்றான் அய்யாக்கண்ணு. "கெண்டைக்கால் எங்கன திரளும், கணுக்கால் எங்கன ஒடுங்கும்னு ஒண்ணும் நெனவு வரலை. கால் இருந்தப்ப எவன் அதைப் பார்த்தான்? வேளார்தான் வழி சொன்னாரு."

"ஆமா, நான்தான் காலுகளைக் குடுத்தேன்," என்றார் கூட்டத்தில் நின்ற வேளார். "நேந்தவுகளைக் கேட்டுத்தான் குடுத்தேன்."

அம்பலத்தின் முகம் மலர்ந்தது. "என்னையக் கேட்டீங்களா?"

கூட்டம் வேளாரைத் திரும்பிப் பார்த்தது. கேட்கவில்லைதான். திருட்டு நிரூபணமாகிவிட்டது. பரிவட்டம் தலைக்கு மேலே மிதந்து வருவது அம்பலத்துக்குத் தெரிந்தது.

வேளார் தலையைச் சொறிந்தார். "இதுல ஒங்க கால் எதுங்க?"

"அந்தா, பெருசு!"

"அதா சித்தப்பு? ஆனைக்கால்காரர் யாரோ நேந்ததுன்னுல்ல ஓரமா வச்சேன்! அது ஒருத்தருக்கும் பொருந்தலை," என்றான் அய்யாக்கண்ணு.

"அளந்து பார்த்துருவோம்," என்றார் வேளார் பவ்யமாக. "ஒங்க காலா இருந்தா இவன் திருடன்தான்."

கூட்டம் பார்க்கிறதே என்று அம்பலம் வேட்டியை ஒதுக்கிக் காலை மண்காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆத்தாடி, தூணுக்குப் பக்கத்துல வெளக்குமாத்தைச் சாத்துனாப்புல இருக்கு!" என்றாள் ராக்காயி. பின்வரிசை வரை சிரிப்புப் போய்த் திரும்பியது.

வேளார் மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்க காலுன்னு சொன்னீங்கன்னா, அளவு தப்பின நேத்தி. செல்லாது. நேத்தி தீராதவுகளுக்குப் பரிவட்டம் கட்டுறதில்லை. ஒங்க கால் இல்லைன்னா திருட்டே இல்லை. நீங்களே சொல்லிருங்க."

அம்பலம் இரண்டு பக்கமும் யோசித்தார். இரண்டு பக்கமும் வழுக்கையாகவே இருந்தது. சாமியை ஏமாற்றியவன் என்பதைவிட விவரம் தெரியாமல் பேசியவன் என்பது மேல்.

"அது என் கால் இல்லை," என்றார்.

அந்தக் காலைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

புரவி எடுப்பில் பரிவட்டம் வேளார் தலைக்குப் போனது. முதல் குதிரைக்குப் பின்னால் அய்யாக்கண்ணுவும் ராக்காயியும் கந்தர்வக்கோட்டைக்காரனும் நடந்தார்கள். வெறுந்தலையோடு ஓரமாக வந்த அம்பலம் குதிரைகளைப் பார்க்கவே இல்லை. முன்னால் போகிற ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டே போனார். எது வளர்ந்த கால், எது மாட்டிய கால்? ஒருவரையும் நம்புவதற்கில்லை. பெரிய கால் இப்போது கொட்டகையில் தோல் ஊறுகிற தொட்டியாக இருக்கிறது என்றும், அதற்கு நல்ல வாகு என்றும் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

மறுவாரம் அவர் குதிகாலில் அரிப்பு எடுத்தது. பழைய இடம். சிவந்து, நடுவில் நூல்போல வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

ஊர் வயலுக்குப் போன நேரம் பார்த்து அம்பலம் வேளார் வீட்டுக்குள் நுழைந்தார். கதவுக்குப் பின்னாலும் பானைகளுக்கு இடையிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலை நீட்டினார்.

வேளார் கயிற்றை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடித்தார்.

"வேளாரே," என்றார் அம்பலம் குரலைத் தாழ்த்தி. "கயித்தைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க."