பச்சை ஸ்வெட்டர் அம்மாவுக்கான அறிவிப்பு

மதியம் ஒன்றே முக்காலுக்குச் சந்தை வாசலிலிருந்து புறப்பட்ட சுற்றுலாப் பேருந்து, எந்த முனையிலும் திரும்பாமல் நேரே ஓடி, இரண்டு ஐந்துக்கு அதே சந்தை வாசலில் வந்து நின்றது. அந்தச் சாலையில் பதினாறு வருடமாக ஓட்டுகிற ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. அவர் இறங்கி, முன்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். அடுத்துப் பார்க்க வேண்டிய ஏரி வடக்கே இருந்தது. பேருந்தும் வடக்கேதான் போயிருந்தது.

அதில் போயிருக்க வேண்டிய ஒருவர் மட்டும், சோளம் சுட்டு விற்கிறவளின் கடை முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பச்சை ஸ்வெட்டர் போட்ட அந்த அம்மா, ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எந்தக் குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் அவர்தான் சொன்னார். அவர் ஊரில் அந்தக் குரல் தெரியாத ஆள் கிடையாது, முகம் தெரிந்த ஆளும் கிடையாது. போன மாதம் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே அவர் குரலைப் பதிவுசெய்து இயந்திரத்தில் ஏற்றிவிட்டதால், அவர் போனது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை பழக்கதோஷத்தில் நிலையத்துக்குப் போய், நடைமேடையில் நின்று தன் குரலைத் தானே கேட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழியில்தான் இந்தச் சுற்றுலாவுக்குச் சீட்டு எடுத்தார்.

வழிகாட்டிக்கு நாற்பது வயது, எப்போதும் தொண்டை கட்டியிருக்கும். தலை எண்ணுகிற வழக்கமெல்லாம் அவரிடம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும்போது, "பக்கத்து ஆள் இருக்காங்களா, பாத்துக்குங்க" என்பார். "இருக்காங்க" என்று பேருந்தே சேர்ந்து சொல்லும், கிளம்பிவிடுவார். ஜோடியாகவும் குடும்பமாகவும் வருகிறவர்களுக்கு அது போதும். அம்மாவின் பக்கத்து இருக்கையில் அவருடைய கைப்பைதான் இருந்தது.

காலையில் மணிக்கூண்டு, பீரங்கி மேடு, அருங்காட்சியகம் என்று பார்த்து முடித்தார்கள். மணிக்கூண்டின் முன்னால் ஐந்து ஜோடிகளை அம்மா படமெடுத்துக் கொடுத்தார். ஐந்து ஜோடிகளும் நன்றி சொல்லிப் போனை வாங்கிக்கொண்டார்கள். சந்தையில் சாப்பிட முக்கால் மணி நேரம். ஒருவர் வாங்கியதை இன்னொருவர் கடித்துப் பார்ப்பதும், காரம் தாங்காமல் அடுத்தவர் கையிலிருந்த பழரசத்தைப் பிடுங்குவதுமாக எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள். அம்மா சோளம் வேகும்வரை காத்திருந்தார், அதற்குள் பேருந்து போய்விட்டது.

அது திரும்பி வந்து நின்றதும், அவர் எழுந்து கதவு வரைக்கும் போனார். வழிகாட்டி படியில் நின்று, அவர் தலைக்கு மேலாகச் சந்தையைப் பார்த்தபடி, வழக்கமான கேள்வியைக் கேட்டார். பேருந்து "இருக்காங்க" என்றது. அம்மா வந்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அது உங்க பஸ்ஸாம்மா?" என்று கேட்டாள் சோளக்காரி.

"ஆமா."

"ஒரு குரல் குடுத்திருந்தா நின்னிருக்குமே."

"முப்பத்தோரு வருஷம் நான்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். இன்னிக்கு அவங்க கூப்பிடட்டும்."

வீம்பு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். வீட்டுச் சாவி அந்தப் பைக்குள் இருந்தது, ஊர் எண்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது, சோளம் கடிக்காமலே ஆறிப்போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு இருபத்தைந்துக்குப் பேருந்து இரண்டாவது முறையாக வந்து நின்றது. ஏரியை விட்டுவிட்டுச் சந்தையையே சுற்றிக் காட்டுகிறார்கள் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டே முக்காலுக்கு மூன்றாவது முறையாக வந்தபோது, ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். வழிகாட்டி செய்வதறியாமல் இருக்கைகளுக்கு நடுவே கடைசி வரை நடந்தார். அப்போதுதான் பை கண்ணில் பட்டது.

"இது யாரோட பை?"

எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பக்கத்து ஆள் இருந்தார்.

"காலையில எங்கள போட்டோ எடுத்தாங்களே, அந்தம்மாவோடது" என்றாள் புதிதாகக் கல்யாணமான ஒருத்தி. பெயர் என்ன என்று கேட்டதற்கு அவள் கணவனைப் பார்த்தாள். பட்டியலில் 'ஒருவர்' என்று மட்டும் இருந்தது. ஸ்வெட்டர் பச்சை என்பது ஒருவழியாக நான்கைந்து பேருக்கு நினைவு வந்தது.

வழிகாட்டி ஒலிபெருக்கியோடு கீழே இறங்கினார். "பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கற அம்மா எங்க இருந்தாலும் பஸ்ஸுக்கு வாங்க. நீங்க வராம நாங்க போகலை."

"உங்களைத்தாம்மா" என்று தோளைத் தொட்டாள் சோளக்காரி. அம்மா அசையவில்லை.

"எந்த அறிவிப்பையும் ரெண்டு தடவ சொல்லணும்" என்றார்.

வழிகாட்டிக்கு அந்த விதி தெரியாது. கூட்டத்தில் பச்சை நிறம் தெரிகிறதா என்று தேடினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

பேருந்து மூன்று மணிக்குப் புறப்பட்டு, அதே சாலையில் நேரே ஓடி, மூன்றரைக்கு ஏரியை அடைந்தது. மூன்று முறை ஏன் திரும்பி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மீதிப் பயணத்தில் வழிகாட்டி அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். ஏரிக்கரையிலிருந்து கிளம்பும்போது, உட்கார்ந்தபடியே, பக்கத்து ஆள் இருக்காங்களா என்று கேட்டார். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்த அம்மா, அவரைத் திரும்பிப் பார்த்து, "இருக்காங்க" என்றார். இரண்டு முறை சொன்னார்.