ஒன்றரை அங்குலம்

கழற்றிய பாகத்தை, வண்டி ஓடிப் பார்க்கும்வரை தூக்கிப் போடாதே என்று பட்டறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தவரே ஊரார் 'ஸ்பானர்' என்று கூப்பிடும் மெக்கானிக்தான். அந்தச் சுவரைக் காட்டி முப்பது வருடமாக எத்தனை பேரைத் திட்டித் தீர்த்திருப்பார்! எல்லாம் ஊருக்கு உபதேசம். சொந்த வண்டி என்று வந்ததும் மனுஷன் கண்ணில் அந்த எழுத்து படவே இல்லை.

வியாழக்கிழமை மதியம் மச்சினியின் மகன் போன் செய்தான். "பெரியம்மாவைக் கூட்டிட்டு வாங்க பெரியப்பா. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. டாக்டர் ரெண்டு நாள் தாண்டுறதே கஷ்டம்னுட்டார்."

அக்காவும் தங்கையும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. செத்துப்போன அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை. அந்த மெஷின் துருப்பிடித்து எங்கோ போய்ச் சேர்ந்தது, கோபம் மட்டும் கெடாமல் இருந்தது. போனைக் கேட்டதும் ஸ்பானரின் மனைவி வாய்விட்டு அழுதாள்.

"என்னங்க, எப்படியாவது என்னை அங்க கொண்டு போய்ச் சேத்துடுங்க. அவ முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டா போதும்."

கொண்டு போவது என்ன லேசா? அவளுக்கு இடுப்பும் முதுகும் இறுகிப்போய் ஆறு வருடம். வேன் என்றால் படி ஏற முடியாது, சின்னக் கார் என்றால் குனிய முடியாது. ஒருமுறை ஆம்புலன்ஸில் படுக்க வைத்தார்கள், தெரு தாண்டுவதற்குள் நிறுத்தச் சொல்லிக் கதறிவிட்டாள். அவள் உடம்புக்கு ஒத்துவந்தது ஒரே ஒரு வண்டிதான்: ஸ்பானரின் இருபத்தெட்டு வருடத்துப் பழைய கறுப்புச் சொகுசுக் கார். அதன் முன்சீட் சரியாக அவள் இடுப்புக்கு வாகான உயரம். முதுகைக் காட்டி நின்று மெல்லச் சாய்ந்தால் போதும், சீட்டே அவளை வாங்கிக்கொள்ளும். மேடு பள்ளமெல்லாம் தொட்டில் ஆட்டம்தான்.

பின்பக்க ஸ்பிரிங் ஒன்றில் மட்டும் அடிச்சுற்று விரிசல் விட்டு, பள்ளத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இந்த மாடலுக்குக் கம்பெனி ஸ்பிரிங் நின்றுபோய்ப் பத்து வருடம். கிடைத்தது வண்டியைத் தாழ்த்துகிற சிவப்பு ஸ்பிரிங் செட் ஒன்றுதான். வாங்கி வைத்த பெட்டி ஒரு மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது.

"சத்தம்தானேண்ணே வருது? போய்ட்டு வந்து மாத்திக்கலாம்," என்றார் பட்டறையில் பாதி இடம் பிடித்திருந்த பெயிண்டர். "இது ரேஸ் பசங்க போடுற சாமான். ஒன்றரை இன்ச் இறங்கிடும். கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும்."

"யாருகிட்ட வந்து பாடம் எடுக்கிறே? போய்யா, போய்ச் சுவருக்கு அடி."

சத்தம் ஒரு சாக்கு. உண்மைக் காரணம் சகலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஆள் எல்லோர் முன்னாலும், "இந்த வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க" என்று சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பை ஸ்பானர் இன்னும் மறக்கவில்லை. அந்தச் சகலை வீட்டு வாசலில் வண்டி தாழ்ந்து, பளபளவென்று, ஜம்மென்று போய் நிற்க வேண்டும். சாகக் கிடக்கிறவளைப் பார்க்கப் போகிற வீட்டில் இந்த ஆளுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்!

மதியமே கிளம்பிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை காலை வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பின்பக்கம் சுலபமாக முடிந்தது. முன்பக்க ஸ்பிரிங்கை நெரித்துப் பிடிக்கும் கிளாம்ப்தான் வழுக்கி வழுக்கி விட்டது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது. மூன்றாம் முறை வழுக்கியதும் கோபம் தலைக்கேறி, கட்டிங் மெஷினை எடுத்து, நன்றாக இருந்த முன்ஸ்பிரிங் இரண்டையும் நறுக்கி எறிந்தார். புதுசுதான் கையில் இருக்கிறதே!

முடிக்கும்போது இருட்டிவிட்டது. ஓட்டிப் பார்க்கவில்லை. ஜாக்கியை இறக்கி, நாலடி தள்ளி நின்று பார்த்தார். அவ்வளவு அழகாக இருந்தது.

சனிக்கிழமை காலை மனைவி நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்று சாய்ந்தாள். சீட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"ஐயோ! சீட்டு எங்கங்க?"

ஒன்றரை அங்குலம்தான் விழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல, எடுங்க," என்றாள். தெருமுனை வேகத்தடையில் வண்டி நத்தையாகத்தான் ஏறி இறங்கியது, அப்படியும் அவள் போட்ட அலறலில் கடைக்காரர்கள் வெளியே ஓடிவந்தார்கள். அடுத்த பள்ளத்தில் அவளுக்கு மூச்சே நின்று வந்தது. இன்னும் நாலு மணி நேர ரோடு இருந்தது. ஸ்பானர் வண்டியைத் திருப்பினார்.

பட்டறைக்குள் வந்தும் அவளால் இறங்க முடியவில்லை. முதுகு பூட்டிக்கொண்டது. தூக்கப் போனால், "தொடாதீங்க, கொஞ்ச நேரம் விடுங்க," என்று கெஞ்சினாள். ஸ்பானர் பழைய வண்டி உடைக்கிற இடங்களுக்கெல்லாம் போன் போட்டார். "அந்த மாடலா? எல்லாத்தையும் எப்பவோ உருக்கியாச்சே," என்றார்கள். குப்பைப் பீப்பாயைக் கவிழ்த்து, நறுக்கின துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தார்.

"வெல்டு வச்சா?"

"ஸ்பிரிங்ல வெல்டு நிக்காதுண்ணே," என்றார் பெயிண்டர் தரையைப் பார்த்தபடி. "உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்தும் அந்தத் துண்டுகளைக் கீழே போட மனசு வரவில்லை. பாவி, என் கையாலேயே கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவள் மடியில் இருந்த போன் அடித்தது. அந்தப் பக்கம் மகன் தாயின் வாயருகே பிடித்திருக்க வேண்டும்.

"அக்கா... கிளம்பிட்டியா?"

ஒன்பது வருடம் கழித்துக் கேட்ட குரல். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கிளம்பிட்டேன்டி தங்கம். வழியிலதான் இருக்கோம்."

"வண்டிச் சத்தமே கேக்கலையே?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஸ்பானரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"என்னங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க."

அவர் இரும்புத் துண்டுகளைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எதிரே சுவரில் அவருடைய கையெழுத்து.

"இப்போ கேக்குதாடி?"

"கேக்குது. இன்னும் எவ்வளவு தூரம்க்கா?"

"பக்கத்துல வந்துட்டோம்மா. தூங்கிடாதே, என்ன? அக்கா வந்துட்டேன்."

நின்ற இடத்திலேயே ஸ்பானர் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார்.