கொதிக்கவைத்த தண்ணீர்

பேராசிரியை மேசைக்கடியில் கைபேசியை மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே துறைத்தலைவர், கல்லூரிக்குத் தரச்சான்று வாங்குவதற்கான கோப்பைப் பக்கம் பக்கமாகப் படித்துக் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார்.

பத்திரிகை நிருபர் மறுபடி கேட்டிருந்தார். "மேடம், இன்னைக்கு சாயங்காலமாவது குடுத்துடுவீங்களா? தாய்மாருக்குப் புரியுற மாதிரி நாலு வரி போதும்."

நாலு வரிதானாம்! மூன்று மாதமாக அந்த நாலு வரிக்கு நேரம் வாய்த்தால்தானே. விடைத்தாள், வருகைப்பதிவு, கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு கூட்டம். வயலில் போட்ட உரம் கிணறுகளில் இறங்கி நைட்ரேட்டாக ஏறிக்கிடப்பதை வருஷக்கணக்கில் அளந்து எழுதிய கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தாயிற்று. அதையே எளிமையாக எழுத உட்கார்ந்தால் 'சில சூழல்களில்', 'வாய்ப்புண்டு' என்று கை தானாக இழுத்தது. சக பேராசிரியர்கள் வாயில் விழ வேண்டாமே என்று அவளும் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தங்கை அழைத்தாள். பேராசிரியை வெளியே வந்து எடுத்தாள்.

"அக்கா, பாப்பா உதடெல்லாம் நீலமா இருக்கு. மூச்சு வாங்குறா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"பால்பவுடர் எந்தத் தண்ணில கலக்குற?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணிதான். உன் தங்கச்சியாச்சே, சும்மா குடுப்பேனா? சுண்டச் சுண்டக் கொதிக்கவெச்சுதான் குடுக்குறேன்."

நைட்ரேட் கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு சேரவிடாமல் உடம்பை நீலமாக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் அது இன்னும் ஏறும்.

"உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. கிணத்துத் தண்ணி, நைட்ரேட்னு டாக்டர்கிட்ட சொல்லு. நான் வந்துட்டே இருக்கேன்."

"மேடம், இதுல ஒரு கையெழுத்து" என்று உள்ளேயிருந்து கூப்பிட்ட துறைத்தலைவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருந்து ஏறி, குழந்தையின் உதட்டில் சிவப்பு திரும்பும்வரை இருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பேராசிரியை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் எழுதினாள்: 'கிணற்றுத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கொதிக்கவைத்தும் கொடுக்காதீர்கள். கொதிக்கக் கொதிக்க அதிலுள்ள கெடுதல் கூடும்.' நிருபருக்கு அனுப்பினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"குடும்ப குரூப்ல இங்கிலீஷ்ல ஒரு கட்டுரை போட்டியே, அதுல இருந்தது இதுதானாக்கா? நான்தான் முதல் ஆளா கைதட்டுற பொம்மை போட்டேன்."