கேட்பவர் குரல் வராது

"கோடு போட்டது வேண்டாம்க்கா, கேமராவுல அலையடிக்கும்" என்று சொல்லிப் பெரியவளை மறுபடி மறுபடி உடை மாற்ற வைத்தாள் சின்னவள். கடைசியில் சரியென்று ஒப்புக்கொண்டது, அப்பாவை அடக்கம் செய்த அன்று உடுத்தியிருந்த சாம்பல் நிற உடுப்பு. அது சின்னவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

மின்விசிறியை நிறுத்தினார்கள். குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பையும் பிடுங்கினார்கள். ஒலிப்பதிவுக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். அவருடைய பெயர் என்னவோ, சின்னவளின் கூட்டாளிகள் எல்லோரும் அவரைப் 'பாம்புச்செவி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மேல் வீட்டுல வெங்காயம் வெட்டுறாங்க" என்றார்.

"அது வெங்காயம்தான்னு எப்படித் தம்பி தெரியும்?"

"நடுநடுவுல மூக்கை உறிஞ்சுறாங்களே."

பெரியவள் சிரித்துவிட்டாள். "இதையும் எடுத்திருக்கணும்" என்றாள் சின்னவள், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

படம் அப்பாவைப் பற்றியது. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களில் ஏறி இறங்கியவர், கடைசிக் காலத்தில் தன் வீட்டுக் குளியலறைக்கு வழி தெரியாமல் நின்றார். ஒரு மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. மறுநாள் கால்வாயில் கிடைத்தார்.

அந்த மத்தியானம் வீட்டில் அக்கா தங்கை இரண்டு பேரும் இருந்தார்கள். மருந்துக் கடையில் இரவு வேலை முடித்து வந்த பெரியவள் படுக்கப் போகும்போது, அப்போதுதான் வாசலில் ஒரு பார்சலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்த தங்கையிடம், "கதவைப் பூட்டிட்டியா?" என்று கேட்டாள். "பூட்டிட்டேன்" என்று பதில் வந்தது. நடந்தது அவ்வளவுதான். வெளியூரிலிருந்து விழுந்தடித்து வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீ வீட்டுலதானே இருந்தே?" என்று பெரியவளைத்தான் கேட்டான். பக்கத்திலேயே நின்ற சின்னவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் பெரியவளோடு பேசுவதில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஆகவே, படம் எடுக்கப்போகிறேன் என்று சின்னவள் வந்து நின்றபோது பெரியவள் மறு பேச்சுப் பேசாமல் தலையாட்டினாள். படத்தை அண்ணன் பார்ப்பான். முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் வராத ஒன்றைச் சொல்லத் தங்கை தேடிக்கொண்ட வழி இது என்று அவள் நினைத்தாள். படம் எடுக்கிறவர்களுக்கு அதுதான் வாய் போலிருக்கிறது.

"கவனிச்சுக்கோக்கா. என் குரல் படத்துல வராது. கேள்வியையும் சேர்த்துப் பதிலாச் சொல்லணும். அப்பா என்ன வேலை பார்த்தார்னு கேட்டா, 'மெக்கானிக்'னு சொல்லி நிறுத்தக் கூடாது. 'அப்பா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தார்'னு முழுசாச் சொல்லு."

"தானாப் பேசிக்கிற மாதிரியா?"

"அதேதான். கதை சொல்ற குரலும் கிடையாது, கேள்வி கேட்கிற ஆளும் கிடையாது. பார்க்கிறவங்களுக்கும் உனக்கும் நடுவுல யாருமே இருக்கக் கூடாது."

பெரியவளுக்கு அது சுலபமாக வரவில்லை. "உனக்குத் தெரியாததா", "நீயும்தானே பார்த்தே" என்று வாய் பழக்கதோஷத்தில் தங்கையிடமே போயிற்று. ஒவ்வொரு தடவையும் சின்னவள் நிறுத்தி, "நான் இங்க இல்லவே இல்லைன்னு நினைச்சுக்கோ" என்றாள். "எதிர்ல மலை மாதிரி உட்கார்ந்துக்கிட்டு இல்லைன்னா எப்படிடி?" என்றதற்குப் பாம்புச்செவி மட்டும் சிரித்தார்.

மத்தியானம் போல, அப்பா காணாமல் போன அந்த நாளுக்கு வந்தார்கள்.

"தூங்கப் போறதுக்கு முன்னாடி உன்கிட்ட கேட்டேன், கதவைப் பூட்டிட்டியான்னு. பூட்டிட்டேன்னு சொன்னே" என்றாள் பெரியவள்.

கேமராவுக்குப் பின்னால் சின்னவள் குனிந்து எதையோ திருகினாள். பிறகு, "அக்கா, 'உன்கிட்ட'ன்னா யாருன்னு பார்க்கிறவங்களுக்குப் புரியாது" என்று சின்னவளின் குரல் வந்தது.

"தங்கச்சிகிட்டன்னு சொல்லட்டுமா?"

"படத்துல தங்கச்சின்னு ஒருத்தி வரவே இல்லையே. திடீர்னு வந்தா குழப்பம். உன் பக்கத்தை மட்டும் சொல்லு. எல்லாத்தையும் எடுத்து வெச்சுப்போம், எது நல்லா இருக்கோ அதைப் போடுவோம்."

பெரியவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "கதவு பூட்டியிருக்குன்னு நினைச்சேன். தூங்கிட்டேன்" என்றாள்.

"அருமை" என்றாள் சின்னவள். பாம்புச்செவி ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சின்னவள் பெரியவளுடைய கைகளை மட்டும் பக்கத்தில் வந்து நெடுநேரம் படம் எடுத்தாள். மடியில் கிடந்த கைகள், ஒன்றையொன்று பற்றிய கைகள், நகத்தைச் சுரண்டும் கைகள்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில், ஓரளவு கோத்து முடித்த படத்தைப் பார்க்கப் பெரியவளைக் கூப்பிட்டாள் சின்னவள். எடிட்டிங் செய்யும் அறை ஒரு அச்சகத்துக்கு மேலே இருந்தது. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். பழைய காபி வாடை. பாம்புச்செவி மூலையில் ஏதோ கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

படம் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவின் கருவிப் பெட்டி, அவர் தடவித் தடவித் தேய்ந்த சுவர். பெரியவளுக்குக் கண் கலங்கியது. பிறகு ஒன்றைக் கவனித்தாள். அவள் பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று கைகள் வந்தன. குரல் தொடர்ந்து ஓடியது. மறுபடி முகம் வந்தபோது தலை கொஞ்சம் வேறு பக்கம் சாய்ந்திருந்தது.

"இது எதுக்குடி, அடிக்கடி கை?"

"நடுவுல வெட்டின இடம் தெரியாம இருக்க. வெட்டு மேல கையைப் போட்டு மூடிடுவோம். எல்லாரும் செய்றதுதான்."

அதற்குப் பிறகு அவளால் படத்தைப் பார்க்க முடியவில்லை. கை வந்த இடமெல்லாம் அங்கே என்ன சொன்னோம் என்று தேடத் தொடங்கிவிட்டாள். மத்தியானத்துப் பகுதி வந்தது. கைகள் வந்தன, நகத்தைச் சுரண்டின. "கதவு பூட்டியிருக்குன்னு நினைச்சேன். தூங்கிட்டேன்." அடுத்து கால்வாய்.

படத்தில், அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் ஒருத்திதான் தூங்கினாள்.

"நிறுத்து" என்றாள் பெரியவள். "முதல்ல சொன்னேனே, அது இருக்கா?"

சின்னவள் பதில் சொல்வதற்குள், "இருக்குங்க" என்றார் பாம்புச்செவி. சின்னவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டார்.

"அதைப் போடு."

"அதைப் போட்டா படமே வேற மாதிரி ஆயிடும்க்கா. எடுக்கிறவ உள்ள வந்துட்டா முழுக்க என்னைப் பத்தினதா மாறிடும். இந்தப் படத்தோட பாணி அது இல்லை."

"பாணியா?" என்றாள் பெரியவள். "அண்ணன் பார்க்கணும்னுதான்டி நான் அந்த நாற்காலியில உட்கார்ந்தேன்."

"அண்ணன்கிட்ட நானே தனியாச் சொல்லிக்கிறேன்."

"எப்போ?"

சின்னவள் திரையைப் பார்த்தாள். அதில் கால்வாய் அசையாமல் நின்றது. "வேணும்னா கதவு விஷயத்தையே எடுத்துடுறேன். அப்பா வீட்டுல இருக்கார், அடுத்து இல்லை. அதுவே போதும். பார்க்கிறவங்க புரிஞ்சுப்பாங்க."

"அண்ணன் என்ன புரிஞ்சுப்பான்?"

சின்னவள் மேசை மேலிருந்த காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

"ஒண்ணு, முதல்ல சொன்னதைப் போடு. இல்லேன்னா என்னை எடுத்துடு" என்றாள் பெரியவள்.

சொல்லும்போது அவளுக்குப் பயமில்லை. தங்கையை அவளுக்குத் தெரியும். மாதக்கணக்காகச் சோறு தண்ணி மறந்து கட்டிய படம். அடித்தாலும் பிடித்ததை விடாதவள். அக்கா இல்லாமல் படம் இல்லை. படத்துக்காகவாவது இறங்கி வந்துதான் ஆகவேண்டும்.

சின்னவள் முழங்கையை மேசையில் ஊன்றி முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுக்காமலே, "அப்போ படம் வேண்டாம்க்கா" என்றாள்.

பெரியவள் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தாள். ஆனால் சின்னவள் எழுந்து ஒவ்வொரு திரையாக அணைக்கத் தொடங்கியிருந்தாள். மூன்று வருடமாகத் தங்கைக்குச் சோம்பல், கோழைத்தனம், தன்னலம் என்று என்னென்னவோ பெயர் வைத்திருந்தாள் பெரியவள். பூட்டிவிட்டேன் என்று சொன்னது நான்தான் என்ற அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்வதைவிட உயிரான ஒன்றைத் தூக்கிப் போடுவது அவளுக்கு லேசாக இருக்கிறது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தாள்.

தூக்கக் கலக்கத்தில் எனக்குத்தான் தப்பாகக் கேட்டிருக்குமோ என்னவோ என்று பெரியவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தப்பாகக் கேட்கவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை.

பையை எடுத்துக்கொண்டு அறை வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். கீழே அச்சு இயந்திரங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. சின்னவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"படம் என்னாச்சுன்னு அண்ணன் கேட்டா?"

"உன்னைத்தான் கேட்பான்" என்றாள் பெரியவள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.