அடித் தண்ணீர் வேண்டாத ஆர்மாஸ்

குளிப்பதற்காக உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் நாங்கள் அறுத்து வைக்கும் துளை, விடிவதற்குள் மூடிக்கொள்ளும். தினமும் ரம்பம் போட்டு அதைத் திறப்பது இல்போவின் வேலை. ஜனவரியில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு சின்ன பம்பை ஏரிக்குள் இறக்கிவிட்டான். மேலே பனியாக உறைந்தாலும் அடியில் கிடக்கும் தண்ணீர் ஏறக்குறைய நாலு டிகிரி. அதுதான் கனமான தண்ணீர், தானாக மேலே வராது. பம்ப் அதைத் தூக்கிவிடவே துளை மூடவில்லை.

சவுனா என்னும் வெப்பக் குளியலறையிலிருந்து ஆவி பறக்க ஓடிவந்து இறங்கிய எங்கள் பனிக்குளியல் சங்கத்தார் எல்லோருக்கும் சந்தோஷம், ஆர்மாஸைத் தவிர. அவர் தெர்மாமீட்டரை நீரில் நனைத்து, "பூஜ்யம்!" என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் இறங்குவார். அன்று அது மூன்று காட்டியது.

"ஏன்டா இல்போ, கைக்குழந்தைக்குத் தண்ணி வெளாவி வச்சிருக்கியா?"

"மூணு டிகிரிண்ணே. எந்த ஊருக் குழந்தை இதுல குளிக்கும்?"

"சோம்பேறிப் பய! உன் வெந்நீர்ல நீயே குளி."

தள்ளிப் போய்த் தனியாக ஒரு துளை அறுத்துக்கொண்டார். தினமும் அவர் வியர்க்க வியர்க்க அறுப்பதை நாங்கள் காபியோடு சங்கக் கட்டட ஜன்னல் வழியாகப் பார்ப்போம்.

புருஷனைச் சோம்பேறி என்றது இல்போவின் மனைவி ராக்கேலுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஆர்மாஸ் கழுத்தளவு நீரில் நிற்கும்போது, தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி அவர் பாதம் வரை இறக்கி எடுத்தாள்.

"அண்ணே, கால்கிட்ட ரெண்டரை காட்டுது."

"பொய்!"

"நீங்களே பாருங்க. மேலாப்புலதான் பூஜ்யம். இத்தனை வருஷமா இடுப்புக்குக் கீழ வெந்நீர்லதான் நின்னிருக்கீங்க."

மனிதர் முகம் தொங்கிப்போயிற்று. அன்று காபிகூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் இறங்கியவர் நிற்கவில்லை. கால் அடித் தண்ணீருக்குள் தொங்காதபடி மல்லாந்து, மரக்கட்டை போல மிதந்தார். தோள்வரை வளர்ந்த வெள்ளை முடிதான் அவருக்குப் பெருமை. அது ஈரத்தோடு பனி விளிம்பில் படிந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது.

"இல்போ! தலை வரமாட்டேங்குதுடா!"

இல்போ வாளியோடு ஓடினான்.

"அது எந்தத் தண்ணி?" என்றார் ஆர்மாஸ், பல் கிடுகிடுக்க.

"பம்ப் தண்ணிதாண்ணே."

"வேண்டாம்!"

"அப்ப கத்தரிக்கோல் எடுத்தாரவா?"

வானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "சரி, ஊத்தித் தொலை."

மூன்று வாளி ஊற்றியதும் முடி விட்டது. இனி மனிதர் எங்களோடு சேர்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம்.

அடுத்த காலை ரம்பத்தோடு வந்தார். கம்பளிக் குல்லாவைக் கழற்றினார். வழுவழுவென்று மொட்டை. யாரையும் பார்க்காமல் துளை அறுத்து, மல்லாந்து மிதந்தார்.

ராக்கேல் ஜன்னலைத் திறந்து கத்தினாள்: "அண்ணே, காது ஜாக்கிரதை!"